ரோட்டைப் பார்த்த கதவு

அந்த அக்காவோடு வெளியில் போவதென்றால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கல்யாண மண்டபமோ துணிக்கடையோ, படியேறியதும் எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "பொம்பளைங்க ஒன்னுக்குப் போறதுக்கு எடம் எங்க இருக்குது?" கேட்பதில் தப்பில்லை. காதோடு கேட்கலாம். பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கேட்கலாம். அக்காவுக்கு அதெல்லாம் வராது. நாங்கள் வேலை பார்த்த பீங்கான் ஷெட்டில் சூளைக்குக் காற்றடிக்கிற மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அவர் ரகசியம் பேசினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு, அவர் யாரோ நான் யாரோ என்பதுபோல் தள்ளி நிற்பேன்.

விருத்தாசலத்தை அவர் தன் வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் பாலக்கரை என்றால் பஸ் ஏறும் இடம், ஜங்ஷன் என்றால் ரயில். அவருக்குப் பாலக்கரை என்றால், அங்கே வெற்றிலைக் கடைக்காரர் வீட்டம்மா ஒருவர் கேட்டால் பின்கட்டைத் திறந்துவிடுவார். ஜங்ஷன் என்றால், பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு பெண்கள் வெயிட்டிங் ரூமுக்குப் போய்விட்டு வரலாம். ரயில் ஏறாமலே அவர் எடுத்த பிளாட்பார டிக்கெட்டுகள் அனேகம். "உள்ள போறதுக்கு ஊரு முழுக்கக் கடை வெச்சிருக்கான். டீக்கடை, ஜூஸு கடை, புரோட்டாக் கடை. வெளிய வரதுக்கு ஒரு எடம் இருக்குதா பாரு" என்பார்.

ஒரு மாசி மகத்துக்கு எங்கள் ஷெட்டுப் பெண்கள் சேர்ந்து போயிருந்தோம். அக்கா மாதா கோயில்காரர். ஆனாலும் பழமலைநாதர் கோயில் திருவிழா என்றால் எங்களுக்கு முன்னால் கிளம்பி நிற்பார். மணிமுத்தாற்று மணலில் கால் வைக்க இடமில்லை. காணாமல்போன பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொல்லிக் கூப்பிடுகிற பந்தல் ஒன்று இருந்தது. அக்கா நேரே அங்கே போனார்.

மைக்கைப் பிடித்திருந்த தொண்டர், "யாரும்மா காணோம்?" என்று கேட்டார்.

"யாரும் காணாமப் போவல தம்பி. பொம்பளைங்களுக்குக் கக்கூஸு எங்க இருக்குதுன்னுதான் தெரியல. அத மைக்குல சொல்லுங்க."

மைக்கை அவர் அணைக்கவில்லை. அக்காவின் குரல் ஆற்றின் இரண்டு கரைக்கும் போய்ச் சேர்ந்தது. மணல் முழுக்கச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் நழுவினேன். தொண்டரும் சிரித்துவிட்டுத்தான், கரையோரப் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அறிவித்தார். சொன்னதுதான் தாமதம், கூட்டத்திலிருந்து பெண்கள் பிரிந்து பிரிந்து அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பட்டுப்புடவை கட்டியவர்கள். அத்தனை பேரும் அதுவரை வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தவர்கள். அவர்களோடு நானும் நடந்தேன்.

பெண்ணாடம் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு. பிளஸ் டூ முடித்துச் சும்மா இருக்கவேண்டாம் என்று விருத்தாசலத்தில் பீங்கான் ஷெட்டு ஒன்றில் சேர்ந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவின் இரண்டு பக்கமும் ஷெட்டுகள். ஒன்றில் பொம்மை செய்தார்கள், ஒன்றில் கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான். எங்கள் ஷெட்டில் கக்கூஸ் கோப்பை. களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, அது இறுகியதும் எங்களிடம் வரும். ஓரங்களைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, விரலால் தடவி மேடுபள்ளம் பார்ப்பது பெண்கள் வேலை. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் கக்கூஸ் கோப்பை துடைத்துக் கொடுத்த எங்களுக்கு, அந்தத் தெருவில் ஒரு கக்கூஸ் கிடையாது.

முதல் நாள் அக்கா என் பெயரைக் கேட்கவில்லை. "காலையில தண்ணி குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேங்க்கா."

"நாளையிலேர்ந்து குடிக்காத. இங்க போவணும்னா ஷெட்டுக்குப் பின்னால வேலிக்காத்தான் முள்ளுக்காடுதான். தனியாப் போயிடாத, நான் கூட வரேன்."

அப்படித்தான் போவோம். கையில் ஒரு இரும்புக் கம்பியோடு அக்கா முன்னால் நடப்பார். முள்ளுக்குள் நுழைவதற்கு முன்னால் ஷெட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "பொம்பளைங்க வரோம்! எவன்டா உள்ள இருக்கிறது, எழுந்து போடா!" என்று கத்துவார். சில நாள் உண்மையிலேயே யாராவது எழுந்து போவான். எனக்கு அழுகை வரும். இந்த அம்மா கத்தாமல் இருந்தால் நாம் இங்கே வந்தது நாலு ஷெட்டுக்குத் தெரியாமலாவது போகும் என்று நினைப்பேன். கத்தாமல் இருந்தால் அவன் எழுந்து போயிருக்கமாட்டான் என்பதும் தெரியும்.

தெருவுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை வந்ததும் அந்தக் குரலால்தான். வெளியூரிலிருந்து கோப்பை வாங்க ஒரு வியாபாரி வந்திருந்தார். முதலாளி அவரை அழைத்துக்கொண்டு எங்கள் பகுதிக்கு வந்தார். வியாபாரி ஒரு கோப்பையைத் தடவிப் பார்த்து, "நல்லா வழவழன்னு இருக்குதே" என்றார்.

"ஆசையாத் துடைக்கிறோம் சார்" என்றார் அக்கா. "எங்களுக்குத்தான் ஒன்னுகூடக் கெடயாது."

முதலாளியின் முகம் சிவந்துபோனது. வியாபாரி கோப்பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பஞ்சைப் பார்த்தபடி குனிந்துகொண்டோம். அடுத்த மாதமே தெருவிலிருந்த முதலாளிகள் சேர்ந்து பேசி, ஒரு இன்ஜினியரை வரவழைத்துவிட்டார்கள்.

இன்ஜினியர் நல்ல மனிதர். நடுவயது, அதிகம் பேசமாட்டார். முதலாளியின் அறையில் பிளானை விரித்துவைத்து, "கேட்டது நீங்கதானேம்மா, நீங்களே பாருங்க" என்று அக்காவைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். பின்பக்கம் முள்காட்டு ஓரமாகக் கட்டலாம், அல்லது தெருமுனையில் ரோட்டைப் பார்த்துக் கட்டலாம் என்றார்.

"பின்னால வேணாம் சார்" என்றார் அக்கா உடனே. "மறைவுன்னா அங்க எவனாவது வந்து நிப்பான். ரோட்டப் பாத்து வெய்யுங்க. நாலு பேரு பாக்கிற எடத்துல இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான். நாங்க என்ன திருடவா போறோம்?"

"என் யோசனையும் அதாம்மா. பத்திரமா இருக்கும்" என்றார் இன்ஜினியர். அந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது பிளானைப் பார்த்த எனக்கு விளங்கவில்லை. மற்றப் பெண்கள் யாரையும் யாரும் கேட்கவில்லை.

கட்டிடம் அழகாகத்தான் இருந்தது. ரோஸ் நிறச் சுவர், தண்ணீர்த் தொட்டி, லைட்டு. கதவுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பெண்ணின் முகத்தை வரைந்திருந்தார்கள். உள்ளே எங்கள் கையால் துடைத்த கோப்பைகள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் நேர் எதிரில் டீக்கடை. நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு ரோடு. டீக்கடை பெஞ்சில் எந்நேரமும் லோடுமேன்கள், லாரி டிரைவர்கள், சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள். கண்ணாடி கிளாஸை வாயில் வைத்தால் அவர்கள் கண் போய் நிற்கிற இடம் அந்தக் கதவு.

திறந்த அன்று மத்தியானம் நானும் பொம்மை ஷெட்டுப் பெண் ஒருத்தியும் கையைக் கோத்துக்கொண்டு போனோம். டீக்கடைப் பக்கம் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். கதவில் கை வைக்கும்போது பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது. கையால் அமுக்குகிற ரப்பர் ஹாரன். 'பாம்... பாம்' என்று இழுத்து ஒரு அமுக்கு. டீக்கடையே சிரித்தது. அந்தப் பெண் என் கையை உதறிவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். ஷெட்டுக்குள் வந்து, கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அடக்கினேன். உடம்பு முழுக்க எரிந்தது. என்னை நிர்வாணமாக்கி ரோட்டில் நிறுத்தியதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. பழையபடி முள்காடுதான்.

அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "கேட்டுக் கேட்டு வாங்கிக் குடுத்தா, எவளும் எட்டிப் பாக்கமாட்டேங்கிறீங்க. என்னாடி வெக்கம்? அவனுங்க ஆத்தாளுக்கு ஒன்னுக்கு வராதா? நான் போறேன் பாருங்கடி" என்று புடவையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் ஷெட்டு வாசலில் நின்று பார்த்தோம். தேர் போவதுபோல் நிதானமாக ரோட்டில் நடந்து, டீக்கடையை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். ஹாரன் அடித்தது. வெளியே வரும்போதும் அடித்தது. அவர் சட்டை செய்யவில்லை. ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு எங்கள் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடித்தார்.

பிறகு அது டீக்கடைக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அக்கா ஷெட்டைவிட்டு இறங்கினாலே யாராவது ஒருவன், "எல்லாரும் எழுந்திரிங்கப்பா, கலெக்டரம்மா வராங்க" என்பான். பெஞ்சிலிருந்து எழுந்து சல்யூட் அடிப்பார்கள். ஹாரன் முழங்கும். அக்காவும் கையை ஆட்டி, "உக்காருங்கடா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு போவது எனக்குக் கூடுதல் அவமானமாக இருந்தது. இந்த அம்மாவுக்கு மட்டும் தோல் எதனால் செய்தது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எங்களால் அவரைப்போல் ஆக முடியவில்லை. அது ஏன் முடியவில்லை என்று அவருக்கும் அப்போது புரியவில்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ஒருநாள் அக்காவின் பாட்டில் மேஜைமேல் நிரம்பியபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அவர் ரோட்டுப் பக்கம் போகவில்லை. எங்களோடு முள்காட்டுக்கும் வரவில்லை. என்ன என்று கேட்டால், "ஒன்னுமில்ல, வேலையப் பாரு" என்பார். அந்தச் சத்தமே இறங்கிப்போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னார்.

"மவன் போவ வேணாங்கறான்டி."

அவருக்கு ஒரே மகன். ஜங்ஷன் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட மூத்தவன், நான் அண்ணா என்பேன். அமைதியான ஆள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தன் ஆட்டோவிலேயே கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவான் என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

"நம்ம ரோட்டுக்கு சவாரி வந்தானாம். டீ குடிக்க நின்னானாம். அப்பதான் நான் போயிருக்கேன். கூட நின்னவனுங்க சல்யூட் அடிச்சி, ஹாரன் அடிச்சி... அது அவன் ஆத்தான்னு அவனுங்களுக்குத் தெரியாது. வூட்டுக்கு வந்து சோறு திங்காம உக்காந்திருந்தான். 'என் மூஞ்ச எங்கம்மா கொண்டுபோய் வெச்சிக்கிறது, இனிமே அங்க போவாத'ன்னு அழுவுறான்." பஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னார். "எனக்கு வெக்கம் கெடயாது, அது உனக்கே தெரியும். அவன் வெக்கப்பட்டு நிக்கிறத என்னால பாக்க முடியலடி."

"அப்ப முள்ளுக்காவது எங்ககூட வாங்கக்கா."

"அவ்ளோ பேசிட்டு உங்ககூட எந்த மூஞ்சியோட வரது?" என்றார்.

அந்த அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். பார்க்கச் சகிக்கவில்லை. எப்போதும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனால் ஷெட்டில் ஒரு அமைதி வருமே, அதுபோல் இருந்தது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சூளைச் சூட்டில் வேலை செய்தார். நீர்க்கடுப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு குளிர்காய்ச்சல் கண்டு, ஒருநாள் மத்தியானம் கோப்பைகளின்மேல் சாய்ந்துவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆபீஸ் போனிலிருந்து மகனுக்குச் சொன்னார்கள். அவன் ஆட்டோவோடு வந்தான். நானும் கூட ஏறிக்கொண்டு, அக்காவை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கரும்பு லோடு டிராக்டர்கள் வரிசையாக நின்று ரோட்டை அடைத்திருந்தன. ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "நிறுத்தச் சொல்லுடி" என்றார். "எங்கயாவது நிறுத்தச் சொல்லு." வெளியே பார்த்தேன். இரண்டு பக்கமும் கடைகள், ஆட்கள். நிறுத்தினால் எங்கே போவார்? நான் பதில் சொல்வதற்குள் அவர் பிடி தளர்ந்தது. சீட்டு நனைந்தது. என் சுடிதாரும் நனைந்தது. ஆட்டோவின் தரையில் அது ஓடி, முன்னால் அவனுடைய காலடி வரைக்கும் போனது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ, மாதாவே" என்று உதடு மட்டும் அசைந்தது. காய்ச்சலில் நினைவு தப்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தப்பவில்லை.

அவன் கீழே பார்த்தான். ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றிப் பின்னால் நீட்டி, "அம்மாவுக்கு இடுப்புல கட்டி வுடும்மா" என்று என்னிடம் சொன்னான். பனியனோடு வண்டியை ஓட்டினான். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, அவன் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்ததும், நாங்கள் நாலைந்து பெண்கள் இன்ஜினியரைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தோம். எங்கள் முதலாளியே, "கட்டினவரையே போய்க் கேளுங்க, ஆவுற செலவ நாங்க பாத்துக்கறோம்" என்றிருந்தார். அக்கா வரமாட்டேன் என்றார். வற்புறுத்திக் கூட்டிப் போனோம். மகன்தான் அவரையும் என்னையும் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். மற்றவர்கள் நடந்து வந்தார்கள்.

இன்ஜினியர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "என்னம்மா குறை? தண்ணி வரலியா? லைட்டு எரியலியா?" என்று கேட்டார்.

எதையும் எங்கேயும் கேட்டுவிடுகிற அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு ஆண் முன்னால் அந்த வார்த்தை வெளியே வரவில்லை. "ஒன்னுமில்லீங்க சார்... அந்தக் கதவு..." என்று நிறுத்திவிட்டேன்.

"கதவு சரியா மூடலியா? தாழ்ப்பாளா?"

வாசல்படியில் நின்றுகொண்டிருந்த அக்காவின் மகன் உள்ளே வந்தான்.

"சார், நான் சொல்றேன். கதவு டீக்கடையப் பாத்து இருக்குது சார். நான் அந்த டீக்கடையில நின்னிருக்கேன். அங்க நிக்கிற ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்." அம்மாவை ஒரு தரம் பார்த்தான். "தெறந்த அன்னிக்கு ரெண்டு பொண்ணுங்க கையப் புடிச்சிகிட்டு வந்தாங்க. சும்மா தமாஷுக்கு ஹாரன் அடிச்சேன். மொதல்ல அடிச்சது நான்தான் சார். அதுக்கப்புறம் எல்லாரும் அடிக்க ஆரம்பிச்சாங்க. எங்கம்மாவுக்கும் அடிச்சாங்க."

எனக்கு முகமெல்லாம் கொதித்தது. பின்னாலிருந்து பார்த்ததால், அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நான் என்று அவனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கும் அம்மா இருக்காங்க, வொய்ஃப் இருக்காங்க" என்றார். "பத்திரமா இருக்கணும்னு நெனச்சேன். உள்ள போறவங்களுக்கு எப்படி இருக்கும்னு தோணவே இல்ல." தலைகுனிந்தே எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார்.

கதவு திரும்பியது. இந்தமுறை அவர் பிளானை விரிக்கவில்லை. தெருவுக்கு வந்து, எங்களோடு நடந்து, ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கேட்டார். முள்காட்டுப் பக்கமும் இல்லாமல், டீக்கடைப் பக்கமும் இல்லாமல், எங்கள் ஷெட்டுக்கும் பொம்மை ஷெட்டுக்கும் நடுவே பெண்கள் போய்வருகிற சந்துப் பக்கமாகப் புதிய கதவு வைத்தார். பழைய கதவிருந்த இடத்தைச் செங்கல் வைத்து மூடினார்கள். சந்தில் நின்ற புங்கமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும், கை கழுவக் குழாயும் வைக்கச் சொன்னவர்கள் பெண்கள்தான். அதன் பிறகு சாப்பாட்டு டப்பாவோடு எல்லா ஷெட்டுப் பெண்களும் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எந்நேரமும் இரண்டு பெண்களாவது அங்கே இருப்பார்கள் என்பதால் யாருக்கும் பயமில்லை. வருடக்கணக்கில் ஒரே தெருவில் வேலை செய்தும் பெயர் தெரியாதவர்களுக்கு அங்கேதான் பெயர் தெரிந்தது. ஒருத்தி நாலு நாள் வரவில்லையென்றால் அந்த பெஞ்சு கேட்கும்; யாராவது அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அக்காவும் வந்து உட்காருவார். அவருக்கென்று யாராவது ஓரத்தில் இடம் விட்டு வைப்பார்கள்.

ஆனால் அந்த அக்காவை நினைத்தால் எனக்கு பெஞ்சு ஞாபகம் வருவதில்லை. இன்ஜினியரின் ஆபீஸிலிருந்து நாங்கள் வெளியே வந்த நேரம்தான் வருகிறது.

நல்ல வெயில். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தான். அக்கா ஆட்டோவைத் தாண்டி நடந்தார். டாக்டர் அலையக்கூடாது என்று சொல்லியிருந்தார். நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் நடந்தேன். "ஏறிக்கலாங்க்கா, வீடு தூரம்" என்றேன். காதில் வாங்கவில்லை. பின்னால் அவன், "அம்மா, வெயிலும்மா. ஏறும்மா" என்றான். பிறகு இன்ஜின் நின்றது.

ஜங்ஷன் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் எங்களை உரசிக்கொண்டு போயின. சவாரி கேட்டு யாரோ கூப்பிடுவதும், அவன் வராது என்று சொல்வதும் கேட்டது. அக்கா மூச்சு வாங்க நடந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத்தானேடி ஹாரன் அடிச்சான்?" என்றார்.

"அவருக்கு நான்தான்னு தெரியாதுங்க்கா."

"தெரியாதவளா இருந்தா அடிக்கலாமா?"

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"பின்னால வரானா?"

திரும்பிப் பார்த்தேன். அவன் இறங்கி, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வியர்வையில் சட்டை மார்போடு ஒட்டியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் ரோட்டோரம் நின்று என்ன என்று கேட்டார்கள். அவன் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு தள்ளினான்.

"வராருங்க்கா."

"ஓட்டிகிட்டா?"

"இல்லீங்க்கா. தள்ளிகிட்டு."

அக்கா திரும்பவில்லை. நடையையும் நிறுத்தவில்லை.

"தள்ளட்டும்" என்றார், ரோடு முழுக்கக் கேட்கும்படி.